கலப்படம் கேட்ட கேள்வி

என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பெயர் உண்டு. கலப்படம். முகத்துக்கு நேரே மேடம், ஐந்தடி தள்ளிப் போனதும் கலப்படம். "கலப்படம் கீழ இருக்காங்களா, டியூப் குடுக்கணும்" என்று படிக்கட்டில் கேட்கிற குரல் என் அறை வரைக்கும் இறங்கி வரும். அந்தப் பெயரை எனக்கு வைத்தவர் வேற்று மனிதரில்லை, என் கூடப்பிறந்த அக்காவின் புருஷன். பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து அத்தான், அத்தான் என்று நான் பின்னாலேயே சுற்றிய மனிதர்.

இந்த ஆராய்ச்சி நிலையத்தில் மூன்றாவது மாடி முழுக்க அவருடைய ஆய்வகம். நான் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், செல்களை எண்ணிப் பிரிக்கிற இயந்திரத்தை ஓட்டுகிறேன். மேலே எத்தனை பெரிய கொம்பனாக இருந்தாலும் டியூபைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் இறங்கி வந்தாக வேண்டும். அவருடைய ஆய்வகமும் வந்தது. ஆள் அனுப்புவார், தான் வரமாட்டார்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்ததன் ருசி உங்களுக்குப் புரியாது. நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, தைமஸ் என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. நோயோடு சண்டை போடுகிற வெள்ளணுக்களில் ஒரு வகை அங்கேதான் பக்குவப்படுகிறது. நடுப்பருவத்தில் ஒவ்வொரு செல்லும் தன் மேல்பரப்பில் இரண்டு புரதங்களைச் சேர்த்து வைத்திருக்கும். நீளமான பெயர்கள்; நாங்கள் சுருக்கமாக நாலு, எட்டு என்போம். இரண்டும் இருக்கிற செல் இன்னும் எந்தப் பக்கமும் சேராத செல். கடைசியில் ஒன்றை விட்டாக வேண்டும். நாலை வைத்துக்கொண்டால் அது உதவுகிற செல், மற்ற செல்களைத் தட்டி எழுப்பி வேலை வாங்கும். எட்டை வைத்துக்கொண்டால் கொல்கிற செல், கிருமி புகுந்த செல்லைத் தேடிப் போய் முடித்துவிடும்.

எதை விடுவது, எதை வைப்பது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? வெளியிலிருந்து ஒரு சைகை வரும். வந்ததும் செல் முதலில் எட்டைக் குறைத்துப் பார்க்கும். அதற்குப் பிறகும் சைகை விடாமல் வந்துகொண்டிருந்தால் நாலோடு நிலைத்து, உதவுகிறதாகிவிடும். சைகை பாதியில் அறுந்துபோனால், கைவிட்ட எட்டை மறுபடி எடுத்துக்கொண்டு, நாலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொல்கிறதாக மாறிவிடும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, என் சரக்கில்லை.

நான் கண்டுபிடித்தது இதற்குள் ஒரு குட்டி விஷயம். எங்கள் ஆய்வகத்து எலிகளில், சைகை அறுந்த பிறகு எத்தனை மணி நேரம் வரைக்கும் செல் அப்படித் திரும்ப முடியும், எப்போது கதவு மூடிக்கொள்கிறது என்பது. பதினெட்டு மணி நேரம். அந்த ஒரு எண்ணுக்காக நான்கு வருடம் உழைத்தேன். அப்போது நான் அத்தானின் ஆய்வு மாணவி. சொந்தக்காரி என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்று மற்றவர்களைவிட இரண்டு மடங்கு மாடாக உழைத்தேன்.

அவர் ஒரே ஒரு முறை திரும்பச் செய்து பார்த்தார். எண் வேறாக வந்தது. திங்கள்கிழமைக் கூட்டத்தில், இருபது பேருக்கு முன்னால், என் படத்தைத் திரையில் போட்டு, "நாலு போற வழியில எட்டு வருது, எட்டு போற வழியில நாலு வருது. இது செல்லு மாறினது இல்ல, டியூப் மாறினது. சுத்தக் கலப்படம்!" என்றார். கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிப்பு மூட்டுவதில் கெட்டிக்காரர், அதையும் சொல்லத்தான் வேண்டும். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அன்றைக்குப் போனது என் பட்டம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. அதே எலி, அதே கேள்வி, அதே பதினெட்டு மணி நேரம். ஆறு பேருடைய பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. கலந்துபோன டியூபிலிருந்து வந்த பதினெட்டு, கலக்காத டியூபிலும் எப்படி ஐயா பதினெட்டாகவே வந்தது? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிறவளுக்கு ஒரு தகுதி வேண்டுமே. வயிறு எரிந்தது, எரியட்டும் என்று விட்டேன். பட்டம் போன கையோடு அடித்தளத்தில் ஆள் தேவை என்று சேர்ந்திருந்தேன், அங்கேயே இருந்தேன்.

ஏன் வேறு ஊருக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். பக்கத்தில் இருந்தால்தானே பழி வாங்க முடியும்! அதுதான் நிஜம். என் பெயரைத் திருப்பி வாங்க வேண்டும், அல்லது அவர் பெயரை இருபது பேருக்கு முன்னால், முடிந்தால் இருநூறு பேருக்கு முன்னால், நாறடிக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று நடக்காமல் நான் இந்தக் கட்டடத்தை விட்டுப் போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாள். போவேன், நன்றாகச் சாப்பிடுவேன். வஞ்சம் வைத்திருக்கிறவள் சாப்பிடக் கூடாது என்று சட்டமா என்ன? அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ச் செம்பை நகர்த்துவார். நானும் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன். நடுவில் அக்கா ஒருத்தி மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

ஆறாவது வருடம் சந்தர்ப்பம் தானாக நடந்து வந்தது.

என் இயந்திரம் செல்லை நேராகப் பார்ப்பதில்லை, சாயத்தைத்தான் பார்க்கிறது. நாலின் மேல் ஒட்டுகிற ஆன்டிபாடி என்கிற புரதத்துக்குச் சிவப்புச் சாயம், எட்டின் மேல் ஒட்டுகிறதற்குப் பச்சை. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் முன்னால் போகும்போது, சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு என்று அளந்து திரையில் ஒரு புள்ளி வைக்கும். நல்ல தைமஸில் முக்கால்வாசிக்கு மேல் புள்ளிகள் வலது மேல் மூலையில் குவியும், இரண்டு நிறமும் உள்ளவை. வெறும் பச்சை மட்டும் உள்ளவை, அதாவது கொல்கிறவை, வலது கீழ் மூலையில் கொஞ்சம்போல இருக்கும்.

இந்தச் சாயப் பாட்டில்கள் எல்லா ஆய்வகத்துக்கும் பொது; என் அறைக் குளிர்பெட்டியில் இருக்கும். நாங்கள் காலங்காலமாக வாங்கிவந்த சிவப்புப் பாட்டில் வருவது நின்றுபோயிற்று. வேறொன்று வாங்கினேன். அதுவும் நாலில்தான் ஒட்டும், ஆனால் வேறு இடத்தில். நாலை ஒரு நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையது நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டும், புதியது உட்காருகிற பலகையில் ஒட்டும். சாதாரண வேலைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் எலிக்கு ஊசி போடுகிற மருந்து ஏற்கெனவே அந்தப் பலகையில் போய் உட்கார்ந்திருந்தால்? சாயத்துக்கு உட்கார இடமிருக்காது. நாலு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே எல்லா ஆய்வகத் தலைவர்களுக்கும் மெயில் போட்டேன். சிவப்புப் பாட்டில் மாறியிருக்கிறது, நாலில் ஒட்டுகிற மருந்தை எலிக்குக் கொடுக்கிறவர்கள் பயன்படுத்துவதற்கு முன் என்னைப் பார்க்கவும் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். இரண்டு ஆய்வகத்திலிருந்து வந்து கேட்டார்கள். அத்தானிடமிருந்து ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அக்கா தட்டில் போட்டுக்கொண்டே சிரித்தாள்.

"உன் மெயில் எல்லாம் அவருக்கு வேற ஒரு பெட்டிக்குப் போயிடுமாம்டி. அதுவாவே போற மாதிரி வச்சிருக்காராம். அதைத் தொறக்கறதே இல்லையாம். நல்ல ஆளுங்கடி நீங்க ரெண்டு பேரும்!"

அத்தான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். உள்ளே ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவருடைய ஆய்வகத்தில் அந்த வேலையைச் செய்தவர் ஒரு தாடிக்காரர். முப்பத்தைந்து வயது, வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், பொறுப்பான மனுஷன், கலப்படம் என்று சொல்லாத ஒரே ஆள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் டியூப்களோடு வந்தார். மருந்து போட்ட எலிகளின் தைமஸ். நாலில் ஒட்டுகிற மருந்து. குளிர்பெட்டியைத் திறந்து, புதிய சிவப்புப் பாட்டிலை எடுத்து, என் கண் முன்னாலேயே சாயம் போட்டார்.

டியூபை மாட்டினேன். திரையில் வலது மேல் மூலை காலி. புள்ளிகள் அத்தனையும் கீழ் மூலைக்கு இறங்கி, வெறும் பச்சையாகக் கொட்டிக் கிடந்தன. பார்க்கிறவருக்கு, தைமஸ் முழுவதும் கொல்கிற செல்லாக மாறிவிட்டது போலத் தெரியும். எனக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஒரு செல்லும் எந்தப் பக்கமும் மாறவில்லை. நாலும் எட்டுமாக, ஒரு முடிவும் எடுக்காமல், இருந்த இடத்தில்தான் இருந்தன. அவற்றின் நாலை மருந்து மூடியிருந்தது, அவ்வளவுதான்.

தாடிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு போன் போட்டார். ஆறு வருடத்தில் முதல்முறையாக அத்தான் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார், அதுவும் இரண்டிரண்டு படியாக. திரையைப் பார்த்தவர் தாடிக்காரர் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"பார்த்தியா! உதவி பண்ற கூட்டத்தை மொத்தமா கொல்ற கூட்டமா மாத்திட்டோம்யா! மூணே ஊசி! புத்துநோய்க்காரங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா?"

என்னை அவர் பார்க்கவில்லை. என் நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார், நாற்காலியில் நான் இருந்தேன்.

அவர் போன பிறகு தாடிக்காரர் தயங்கினார். "மேடம், இவ்ளோ அழகா வந்தா எனக்கு பயமா இருக்கும். உங்க கண்ணுக்கு ஏதாவது தப்பா தெரியுதா?"

அந்த மனுஷன் கேட்டார். நேராக, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். அதை நான் மறைக்கப் போவதில்லை.

"எனக்கென்ன சார் தெரியும்? நான் மெஷின் ஓட்டறவ" என்றேன்.

அவர் போனதும் மிச்சமிருந்த செல்களை எடுத்தேன். பழைய சிவப்புப் பாட்டிலின் அடியில் நாலைந்து சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் போட்டு ஓட்டினேன். புள்ளிகள் எல்லாம் கட்டிப்போட்ட கன்றை அவிழ்த்துவிட்ட மாதிரி மேல் மூலைக்குத் திரும்பி ஓடின. அந்தப் படத்தைத் தேதியோடு சேமித்து வைத்தேன். மெயில் போட்டாயிற்று, கடமை முடிந்தது. படிக்காதது அவர் கொழுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்களே, எனக்குப் பூமி எல்லாம் வேண்டாம். அவர் மேடையில் நிற்கிற ஒரு பத்து நிமிடம் போதும்.

ஐந்து மாதம். செவ்வாய்தோறும் டியூப் வந்தது, செவ்வாய்தோறும் அதே கீழ் மூலை. மண்ணீரலில் செய்தார்கள், ரத்தத்தில் செய்தார்கள், எல்லாவற்றுக்கும் அதே பாட்டில். எத்தனை எலி என்று நான் கேட்கவில்லை. தாடிக்காரர் கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே போனது. ஒரு பெரிய பத்திரிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டது. நிலையத்தின் ஆண்டுச் சொற்பொழிவு இந்தமுறை அத்தானுக்கு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். திங்கள்கிழமை காலை பதினொரு மணி, பெரிய அரங்கு, குடும்பத்தோடு வரலாம். அறிவிப்பை நான் நின்று நிதானமாக இரண்டு தடவை படித்தேன். தேன் குடித்த மாதிரி இருந்தது.

அதற்கு முந்தைய நாள் ஞாயிறு. சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தேன். அக்கா முகமெல்லாம் பல்லாக, கையில் ஒரு அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணை மூடுடி."

"சின்னப் பிள்ளையா நான்? என்ன அது?"

"மூடுன்னா மூடேன்!"

மூடினேன். காகிதத்தைக் கையில் வைத்தாள். திறந்து பார்த்தால் அத்தானின் கட்டுரை. தலைப்புக்குக் கீழே ஏழு பெயர். நான்காவது பெயர் என்னுடையது. முழுப் பெயர், முன்னெழுத்தோடு, ஒரு எழுத்துப் பிசகாமல். கடைசிப் பக்கத்தில், யார் யார் என்ன செய்தார்கள் என்கிற இடத்தில், 'சாயமேற்றல், செல் பகுப்பு' என்று போட்டு என் பெயர்.

"நாளைக்குக் காலையில வெளிவருது. அவர் பேசறப்போ உன் பேரும் திரையில வரும். ஆறு வருஷம்டி! என்ன, பேச்சையே காணோம்?"

பெயர் சேர்க்கச் சம்மதமா என்று பத்திரிகையிலிருந்து எனக்கும் ஒரு மெயில் வந்துதான் இருந்திருக்கிறது, பிறகு தேடிப் பார்த்தேன். அத்தான் பெயரைப் பார்த்ததும் திறக்காமலே தள்ளியிருக்கிறேன். பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம். ஒரே குடும்பம்தானே நாங்கள், புத்தி எங்கே போகும்!

அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அத்தான், பாட்டில் தப்பு, இதை நிறுத்துங்கள், சரியான பாட்டிலில் மறுபடி செய்யலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் மானமும் தப்பியிருக்கும், என் பெயரும் தப்பியிருக்கும். அத்தான் அப்போது செய்தித்தாளை மடித்து வைத்தார். ஆறு வருடம் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இங்க பாரும்மா. அன்னிக்கு நீ டியூப்பைக் கலந்தது கலந்ததுதான். அதுல நான் மாத்திப் பேச மாட்டேன். ஆனா குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல? போட்டுட்டேன். பழசை மறந்துடு."

கலந்தது கலந்ததுதானாம்! அந்தப் பதினெட்டைத் திருடி அச்சில் போட்ட வாய் சொல்கிறது. பிச்சை போட்டுவிட்டு, போட்ட கையாலேயே கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"ரொம்ப நன்றி அத்தான்" என்றேன்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளுக்கு மேலே அவரைப் பார்த்தேன். நாளைக்கு உன்னோடு சேர்ந்து என் பெயரும் எரியும். எரியட்டும். என் வீடு எரிந்தாலும் சரி, உன் கூரையில் நெருப்பு விழாமல் விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திங்கள் காலை அரங்கம் நிறைந்திருந்தது. இருநூறு பேருக்குக் குறையாது. அக்கா மூன்றாவது வரிசையில், நடைபாதையை ஒட்டி. அவளுக்குப் பக்கத்தில் எனக்காகக் கைப்பை வைத்து இடம் பிடித்திருந்தாள். நான் போகவில்லை. கடைசி வரிசையில், மைக் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அத்தான் அருமையாகப் பேசினார். தைமஸில் செல் எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொன்னார். நடுவே இரண்டு நகைச்சுவை, இரண்டுக்கும் கைதட்டல். பிறகு அந்தப் படம் வந்தது. வலது கீழ் மூலையில் கொட்டிக் கிடந்த பச்சைப் புள்ளிகள். "கொல்லும் பக்கம் போகச் சொல்லிச் செல்லுக்கு உத்தரவு போட முடியும் என்று முதன்முறையாகக் காட்டியிருக்கிறோம்" என்றார். நிலையத்தின் இயக்குநர் அம்மா முன்வரிசையில் தலையசைத்தார். கடைசிப் படத்தில் ஏழு பெயர். அக்கா திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்துக் கையை ஆட்டினாள்.

கேள்வி நேரம். முதலில் கை தூக்கியது நான்தான். மைக்கைப் பிடித்தேன். அன்றைக்கு வராத குரல் இன்றைக்கு மணி மாதிரி வந்தது.

"ஒரே ஒரு கேள்வி. நீங்க குடுத்த மருந்தும் சிவப்புச் சாயமும் நாலுல ஒரே இடத்துலதான் ஒட்டுது. வேற இடத்துல ஒட்டற சாயத்தைப் போட்டு ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"

அத்தான் நல்ல விஞ்ஞானி. அதனால்தான் அது அத்தனை இனித்தது. முட்டாளாக இருந்திருந்தால் விளங்கிக்கொள்ள ஒரு வாரம் ஆகியிருக்கும். அவருக்கு மூன்று நொடி. முதல் நொடியில் என்னைப் பார்த்தார், இரண்டாவதில் திரையைப் பார்த்தார், மூன்றாவதில் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று. அந்த மூன்று நொடிக்காக ஆறு வருடம் காத்திருந்தேன். ஒரு நொடிக்கு இரண்டு வருடம். கொடுத்த விலை தகும் என்றுதான் அப்போது பட்டது.

"இல்ல" என்றார். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. "பார்க்கல."

அரங்கில் ஒரு சலசலப்பு. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள்: செல் ஒன்றும் மாறவில்லை, நாலு மறைந்துதான் இருக்கிறது, மூன்று ஊசியும் வீண், கட்டுரையும் வீண். இருநூறு பேர். நான் எண்ணிப் பார்க்காத குறை. சேமித்து வைத்த படத்தைக் காட்டட்டுமா என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லுமுன் இயக்குநர் அம்மா எழுந்தார். வயதானவர், குரலை உயர்த்தாதவர். என் பக்கம் திரும்பினார்.

"கேள்வி சரியான கேள்வி. ஆனா இந்தக் கட்டுரையில நாலாவது பேர் உங்களோடதுதானே?"

"ஆமா."

"சாயம் போட்டதுல, செல் பிரிச்சதுல பங்குன்னு போட்டிருக்கு. இந்தச் சாயக் கோளாறு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பாருங்கள், ஆறு வருடம் திட்டம் போட்டவளுக்கு இந்த ஒன்று தோன்றவில்லை! இன்றைக்குத்தான் தோன்றியது என்று ஒரு பொய் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் பொய் சொல்லிவிட்டால் அப்புறம் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"மெயில் போட்டேன். எல்லாருக்கும்" என்றேன்.

"அது பாட்டில் மாறினதைப் பத்தின மெயில். எனக்கும் வந்தது. இந்தப் படம் தப்புன்னு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. அஞ்சு மாசமா தெரியும்."

நடுவரிசையிலிருந்து தாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னவோ விரல் விட்டு எண்ணுகிறவர் மாதிரி பார்த்தார். செவ்வாய்க்கிழமைகளை எண்ணினாரோ என்னவோ. அத்தான் மேடையில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இயக்குநர் அம்மா, "உட்காருங்க" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் உட்காரவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

வெளியே நீள நடைபாதை, சுவரோரம் மடக்கு நாற்காலிகள், குடிதண்ணீர்க் குழாய். தண்ணீர் பிடித்துக் குடித்தேன். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. கதவு திறந்தது. அக்கா. கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அழவில்லை. நான்தான் முதலில் ஆரம்பித்தேன்.

"என்னைத் திட்டாத. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அவர் எனக்குச் செஞ்சாரு. இன்னிக்கு நான் செஞ்சேன். சரியாப் போச்சு."

"அவருக்கு நீ செஞ்சதைப் பத்தி நான் பேசல" என்றாள். "அவர் செஞ்சது பாவம். எனக்குத் தெரியாதா? இல்லைன்னா நான் ஏன் சண்டை போடறேன்?"

"எந்தச் சண்டை?"

"உன் பேரு என்ன தானாவா வந்துச்சு? அஞ்சு மாசம்டி. இந்தக் கட்டுரை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. இதுலயாவது அவ பேரைப் போடுங்கன்னு தினமும் கேட்டேன். கத்தினாரு. மூணு வாரம் அவர்கூடப் பேசல. ஒரு தடவை பெட்டியை எடுத்துட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன். அப்புறம்தான் சரின்னாரு."

அந்த ஐந்து மாதத்தில் எத்தனை ஞாயிறு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

"ஒவ்வொரு வாரமும் என் எதிர்லதான உக்காந்து சாப்பிட்ட? 'அக்கா, இன்னும் கொஞ்சம் போடு'ன்னு கேட்ட. நானும் போட்டேன். உள்ள இதை வச்சுக்கிட்டாடி சாப்பிட்ட? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? அவருக்கு வேண்டாம். எனக்கு."

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். குரல் மறுபடியும் ஆறு வருடத்துக்கு முந்தைய மாதிரி ஆகிவிட்டது. "நீ எனக்காக இவ்வளவு பண்றேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றாள் அக்கா, "நீ இப்படிப்பட்டவன்னு."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே, அவரிடம் போய்விட்டாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.